லூஸ்ல விட்டது

அந்த வாரம் புதன்கிழமையிலிருந்து சத்தியப்பிரியாவுக்கு டிரைவர் ஆசைத்தம்பியின் மேல் கோபம் கொதித்துக்கொண்டே இருந்தது. பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற வேனின் சக்கர நட்டைத் தளர்த்திவிட்டு, அப்படியே வண்டியை எடுத்தவர் மேல் வராத கோபம் வேறு யார் மேல் வரப்போகிறது? இரவு சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள், காலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஐம்பத்து நாலு வயசாச்சு, ஆசாரி வீட்டில் பிறந்த மனுஷன், நட்டும் போல்ட்டும் தெரியாதா அவருக்கு என்று கேட்டாள். அவள் பேச்சில் சந்தேகமே இருக்கவில்லை. இருக்காது. அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை காலை நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடிக்கு வந்துகொண்டிருந்த பள்ளி வேனின் முன்பக்க இடது சக்கரம் கழன்று தனியாக ஓடிவிட்டது. வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு போய்ச் சாலையோரக் கருவேலம் புதரில் சாய்ந்து நின்றது. ஆசைத்தம்பி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டதால் பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆயா அழகி மட்டும் ஒரு பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மறுநாள் இடைவேளையில் வேன்களுக்குப் பொறுப்பாளரான சிவபிரகாஷ் ஒரு தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். முப்பது வயதுக்காரன், இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் சிரிப்பு. டிரைவர்கள் தினமும் எழுதித் தருகிற டிரிப் ஷீட் அது, போன வெள்ளிக்கிழமை தேதியிட்டது. கடைசிக் கட்டத்தில் ஆசைத்தம்பியின் கோணல் எழுத்தில் மூன்றே வரி இருந்தது.

‘முன் லெஃப்ட் வீல் நட் லூஸ். சார்ட்ட சொன்னது. லூஸ்ல விட்டது.’

இதை இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும், இன்சூரன்சுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அனுப்பணும், உங்களைவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு மிஸ் அந்த இங்கிலீஷ் வரும் என்றான் சிவபிரகாஷ். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. தமிழ்நாட்டில் இருக்கிற ஆபீசுக்குத் தமிழில் எழுதிய தாளை அப்படியே அனுப்பினால் என்ன, அது யாரைக் கடிக்கப் போகிறது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. புகழ்ச்சி காதில் விழும்போது கேள்வி எங்கே தோன்றும்?

அவன் ஒரு படிவத்தையும் கொண்டுவந்திருந்தான். அதில் ‘டிரைவர் எடுத்த நடவடிக்கை’ என்று இங்கிலீஷில் தலைப்புப் போட்டு ஒரு கட்டம். அதற்குள் பென்சிலால் ஒரு வரி ஏற்கெனவே எழுதியிருந்தது, ஆபீஸ் கிளார்க் எழுதிப் பார்த்ததாம். ‘லூஸ்’ என்பதற்கு ஒரே ஒரு ‘ஓ’ போட்டிருந்தான் அவன். சத்தியப்பிரியா அதைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள். ஒரு ‘ஓ’ போட்டால் தொலைப்பது, இரண்டு ‘ஓ’ போட்டால் தொளதொளவென்று இருப்பது, கடைசியில் ஒரு ‘என்’ சேர்த்து லூசன் என்றால்தான் தளர்த்துவது என்று அங்கேயே ஒரு பாடம் நடத்தினாள். சிவபிரகாஷ் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கேட்டான்.

பிறகு எழுதினாள். ‘நட் லூஸ்’ என்று வினை இல்லாமல் நிற்பது தமிழில் செல்லும், இங்கிலீஷில் செல்லாது. தலைப்போ டிரைவர் எடுத்த நடவடிக்கை. ஆகவே டிரைவர் முன்பக்க இடது சக்கரத்தின் நட்டை லூசன் செய்தார், பொறுப்பாளரிடம் தெரிவித்தார், லூஸாகவே விட்டுவிட்டார் என்று மூன்று வாக்கியம் அமைத்தாள். இலக்கணத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது. கீழே ‘மொழிபெயர்த்தவர்’ என்று கையெழுத்தும் போட்டாள்.

எழுதி முடித்த பிறகுதான் எழுதியதன் பொருள் அவளுக்கு உறைத்தது. அடப்பாவி, தளர்த்திவிட்டு அப்படியே விட்டிருக்கிறானே என்று வயிறு எரிந்தது. ஆசைத்தம்பியின் மேல் அவளுக்கு வந்த கோபம் அங்கேதான் பிறந்தது. தான் எழுதியதைத் தானே படித்து, தானே நம்பி, தானே கொதித்தாள்.

வியாழக்கிழமை ஆசைத்தம்பியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்சை ரத்து செய்யச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம் தயாராகிறது, சனிக்கிழமை அந்தப் பதினோரு பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கரஸ்பாண்டென்ட் விளக்கம் கொடுத்த பிறகு போகும் என்று கிளார்க் சொன்னான். இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு லைசென்ஸ் போனால் கையை வெட்டிப்போட்ட மாதிரிதான். நன்றாக வேண்டும் என்று சத்தியப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பீரியட், ஏழாம் வகுப்பு பி பிரிவு. பண்புச் சொல்லோடு ‘என்’ சேர்த்து வினை ஆக்குகிற பாடம். டைட் என்றால் இறுக்கமானது, டைட்டன் என்றால் இறுக்குவது. லூஸ் என்றால் தளர்ந்தது, லூசன் என்றால் தளர்த்துவது. சொல்லுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தாள். பூஜாவின் நோட்டு வந்தது. நாச்சியாபுரத்துப் பெண், அந்த வேனில் வந்தவள், நெற்றியோரத்தில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

டைட்டனுக்கு அவள் எழுதியிருந்தது, ‘எங்கள் டிரைவர் மாமா தினமும் காலையில் சக்கரத்தின் நட்டை இறுக்குகிறார்’ என்று. சத்தியப்பிரியா பழக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டாள். அடுத்தது லூசனுக்கு. ‘சாயங்காலத்துக்குள் நட்டு மறுபடியும் தளர்கிறது.’

அதற்கும் டிக் போடத்தான் வேண்டும், வாக்கியம் சரி. பேனா போகவில்லை.

லூசன் என்பது ஒருவர் தளர்த்துவதற்கும் வரும், ஒரு பொருள் தானாகத் தளர்வதற்கும் வரும். புதன்கிழமை கிளார்க்கின் ஒரு ‘ஓ’வைப் பார்த்துச் சிரித்தவளுக்கு இது ஞாபகம் வரவில்லை. தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. தளர்ந்தது என்றால் அது பாட்டுக்குத் தளர்ந்தது, தளர்த்தியது என்றால் ஒரு ஆள் கைவைத்தது. நடுவில் ஒரு ‘த்’ வருவதும் வராததும் ஒரு மனுஷனைக் குற்றவாளி ஆக்குகிறது, ஆக்காமல் விடுகிறது.

பூஜாவைக் கூப்பிட்டு இது கற்பனையா, பார்த்ததா என்று கேட்டாள். பார்த்ததுதான் மிஸ் என்றாள் பூஜா. ரெண்டு வாரமாக வண்டியை எடுப்பதற்கு முன்னால் டிரைவர் மாமா ஒரு நீள ஸ்பானரை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து முக்கி முக்கி இறுக்குவார், ஏன் மாமா என்று கேட்டதற்குப் போல்ட்டில் மரை தேய்ந்துவிட்டது, எவ்வளவு இறுக்கினாலும் நிற்க மாட்டேங்குது என்றார். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை, வாக்கியம் தப்பா மிஸ் என்று கேட்டது. தப்பில்லை என்று சொல்லி டிக் போட்டு அனுப்பினாள்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் நேரே கேட்டுக்குப் போனாள். அழகி அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு, கழுத்தில் தொங்கிய துணித் தொட்டில். வேனில் போக முடியாது, சும்மா உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொள் என்று லீவு கொடுக்காமல் வரவழைத்திருந்தார்கள். அதுவே ஒரு அநியாயம். ரெண்டு நாளாக அந்த வழியாகப் போய்வந்தும் அது தன் கண்ணில் படவில்லையே என்று சத்தியப்பிரியாவுக்கு உறுத்தியது.

போன வெள்ளிக்கிழமை ஆசைத்தம்பி அண்ணன் சிவபிரகாஷிடம் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அழகி சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“நானும் பக்கத்துலதான் நின்னேன் டீச்சர். போல்ட்டு மரை போயிருச்சு தம்பி, புதுசு மாத்தணும், வண்டி ஒரு நாள் செட்டுல நிக்கட்டும்னு அண்ணன் சொன்னாரு. சார் செல்லுல எதையோ பாத்துக்கிட்டே, லூஸ்ல விடுங்கண்ணே, பரீச்சை லீவுல பாத்துக்கலாம்னாரு. அவ்வளவுதான் பேச்சு. இதை என்னைய யாரும் கேக்கல, நீங்கதான் மொத மொதல்ல கேக்குறீக.”

லூஸ்ல விடு. இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடப் புரிகிற பேச்சு அது. மாமியார் முணுமுணுத்தால் லூஸ்ல விடு. பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் லூஸ்ல விடு. அவளே ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற வார்த்தை. லூஸ் என்று ஒரு இங்கிலீஷ் சொல்லை வாங்கிவந்து நாம் அதை வைத்து என்னவெல்லாம் செய்துவிட்டோம்! கடலை எண்ணெயை லூஸில் வாங்குகிறோம், கிறுக்குத்தனமாகப் பேசுகிறவனை லூஸு என்கிறோம், வயிறு சரியில்லாவிட்டால் அதற்கும் லூஸ்தான். சட்டை தொளதொளத்தால் லூஸ், கண்டுகொள்ளாதே என்று சொல்ல வேண்டுமானால் லூஸ்ல விடு. ஆசைத்தம்பி எழுதிய மூன்று வரியில் முதல் லூஸ் நட்டுடையது, இரண்டாவது லூஸ் சிவபிரகாஷுடையது. நட்டு ஆடுகிறது, சாரிடம் சொன்னேன், சார் கண்டுகொள்ளவில்லை என்று அந்த மனுஷன் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தாள் அவருக்குக் கவசம். அதை வாங்கி, இங்கிலீஷில் போட்டு, அவர் கழுத்துக்கே கத்தியாக்கிக் கொடுத்தது அவள்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது, அதில்தான் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவளுக்காவது அவசரம், அகம்பாவம். சிவபிரகாஷுக்கு? சிங்கம்புணரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு லூஸ்ல விட்டது என்றால் என்னவென்று தெரியாதா? அதைச் சொன்ன வாயே அவனுடையதுதானே. தமிழில் இருந்தால் படிக்கிறவன் எவனும் யார் விட்டது என்று கேட்பான் என்று தெரிந்துதான், இங்கிலீஷுக்குள் புதைக்க அவளிடம் கொண்டுவந்திருக்கிறான். கையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்டானே, அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசுக்குப் போய் நின்றாள். தான் எழுதியது தப்பு, திருப்பித் தாருங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றாள். சிவபிரகாஷ் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவள் உட்காரவில்லை.

“மிஸ், நான் ஒரு எழுத்தாவது எழுதினேனா? நீங்க எழுதுனதத்தானே பைல்ல வச்சேன். கீழ கையெழுத்து யாருது?”

அது உண்மையாக இருந்ததுதான் கொடுமை. அவன் மேலும் மெதுவாகப் பேசினான். சனிக்கிழமை பெற்றோர் முன்னால் நீங்கள் எழுந்து தப்பு என்று சொன்னால், இங்கிலீஷ் மிஸ்ஸுக்கே இங்கிலீஷ் தெரியாது என்று ஊர் முழுக்கப் பேச்சாகும், அட்மிஷன் நேரம், கரஸ்பாண்டென்ட் சும்மா இருக்க மாட்டார், ஆசைத்தம்பி அண்ணனுக்கு வயசாகிவிட்டது, எப்படியும் ரெண்டு மூணு வருஷத்தில் வீட்டில் உட்காரப் போகிறவர்தானே என்றான். சொல்லிவிட்டு, தன் பழக்கத்தில், லூஸ்ல விடுங்க மிஸ் என்றும் சொன்னான். சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று அவனுக்கே உறைத்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பது நிஜம்தான், ஆனால் ஆசைத்தம்பிக்காக மட்டும் இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். இருபது பெற்றோர் முன்னால் நின்று எனக்குத் தவறிவிட்டது என்று சொல்வதை நினைத்தும்தான். ஒன்பது வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த இங்கிலீஷில்தான் இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். கரஸ்பாண்டென்ட் முருகப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் நாற்காலிகளில். ஆசைத்தம்பியையும் வரச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அவருக்கு நாற்காலி போடவில்லை. வெளுத்த காக்கிச் சட்டையோடு கதவோரம் நின்றார். உள்ளே வந்த ஒவ்வொருவரும் அவரை முறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஒரு அப்பா, இந்த ஆளை போலீசில் பிடித்துக் கொடுக்காமல் கூட்டம் எதற்கு என்று சத்தம் போட்டார்.

சிவபிரகாஷ் அந்தப் படிவத்தை எடுத்து இங்கிலீஷில் கணீரென்று வாசித்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது, புரியாததனாலேயே அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆசைத்தம்பியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் பெயர் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

சத்தியப்பிரியா எழுந்தாள்.

“அதை எழுதினது நான்தான் சார். தப்பா எழுதிட்டேன். டிரைவர் எழுதினது அது இல்லை.”

முருகப்பன் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது வேண்டாமே மிஸ், அப்புறம் பேசலாம் என்றார். அவள் அப்புறம் பேச வரவில்லை. மேஜைக்குப் போய், பைலில் கீழே கிடந்த டிரிப் ஷீட்டை உருவி எடுத்து, தேதியைச் சொல்லி, மூன்று வரியையும் இருந்தபடியே படித்தாள். கூட்டாமல், குறைக்காமல், ஆசைத்தம்பி எழுதிய அதே தமிழில். பிறகு நட்டைத் தளர்த்தினார் என்று தான் எழுதியதற்கு அந்தத் தாளில் ஒரு சொல்கூட ஆதாரம் இல்லை, தினமும் அவர் இறுக்கியதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், யாரையும் கேட்காமல் எழுதியது தன் பிழை என்று சொன்னாள்.

இதற்கு மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. பூஜாவின் அம்மா வீரலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் டிரைவரைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை, சிவபிரகாஷைப் பார்த்தாள்.

“சார்ட்ட சொன்னதுன்னு எழுதியிருக்காரு. அந்த சார் நீங்கதானே? அப்ப லூஸ்ல விட்டது யாரு?”

சிவபிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நாலு பேர் எழுந்துவிட்டார்கள். முன்பு போலீசைக் கூப்பிடச் சொன்ன அப்பா இப்போதும் அதையேதான் சொன்னார், விரல் மட்டும் வேறு பக்கம் நீண்டது. ஆயாவைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அழகி மாவுக்கட்டோடு வந்து, நின்ற இடத்தையும் கேட்ட பேச்சையும் கேட்டிலே சொன்ன மாதிரியே சொன்னாள்.

முருகப்பன் பழுத்த ஆள். பைலை மூடினார். ஆர்.டி.ஓ.வுக்கு அந்தக் கடிதம் போகாது, ஆசைத்தம்பி திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம், எல்லா வண்டிகளுக்கும் புது போல்ட் மாற்றப்படும், சிவபிரகாஷ் விஷயத்தை நிர்வாகம் விசாரிக்கும் என்றார். விசாரிக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இதற்குள் யாரும் ஆசைத்தம்பிக்கு ஒரு நாற்காலி போடவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. சத்தியப்பிரியாவுக்கு அதையும் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று யோசித்து உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் அவரைத் தேடிப்போனாள். வேன் நிற்கிற இடத்தில், மூன்று சக்கரத்தோடு முட்டுக்கட்டை மேல் ஏற்றி வைத்திருந்த தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார் ஆசைத்தம்பி. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவர் கையெடுத்துக் கும்பிடுவார், நல்லா இருப்பீக டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் மனசின் ஒரு ஓரம் எதிர்பார்த்துக்கொண்டுதான் போனது.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே, அவசரத்தில் புத்தி கெட்டு எழுதிவிட்டேன் என்றாள்.

எம் மேலயும் தப்பு இருக்கு, மரை போன வண்டியை நான் எடுத்திருக்கக் கூடாது, சாவியைத் தூக்கிப் போட்டிருக்கணும் என்றார் அவர். அதைச் சொன்னபோது சக்கரம் இல்லாத இடத்தைத்தான் பார்த்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“புதன்கிழமை நீங்க அதை எழுதிக்கிட்டு இருந்தீகல்ல, அப்ப நான் ஒங்க ரூம் சன்னலுக்கு நேரே வெளியிலதான் நின்னேன் டீச்சர். சார் நிக்கச் சொல்லியிருந்தாரு. நான் எழுதுன தாளு ஒங்க கையில இருக்குறதப் பாத்தேன். நீங்களும் ஒரு தடவை நிமிந்து என்னையப் பாத்தீக. ஆசைத்தம்பி, இங்குட்டு வாங்க, இது என்னன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தீகன்னா நான் சொல்லியிருப்பேன்ல.”

அவள் அவரைப் பார்த்தது உண்மைதான். சன்னலுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் காக்கிச் சட்டை நின்றதும், கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியதும், இடைவேளை முடிய நாலு நிமிஷம்தான் இருக்கிறது, டீ வேறு ஆறுகிறது என்று மறுபடி குனிந்து எழுதியதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கணவனிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம், பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரிடம் பேசியவள் இந்த ஒரு மனுஷனிடம் மட்டும் பேசியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பாக்கலாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைப் பார்த்து நடந்தார்.